சாந்தோம் கோட்டை எங்கே போச்சு? பட்டினப்பாக்கம் பக்கத்தில் மறைந்துபோன காவல் அரணின் கதை

சென்னையில் கோட்டை எங்கே இருக்கு என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் சொல்லும் பதில், செயின்ட் ஜார்ஜ் கோட்டை. ஆனால் அதற்குத் தெற்கே சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில், அதே கடற்கரையில், இன்னொரு கோட்டை நகரம் இருந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையை விட மூத்தது. அந்த மதில் இடிக்கப்பட்டு பல ஆண்டுகள் கழித்து, அதே பகுதியில் ஒரு சின்ன காவல் அரணும் கட்டப்பட்டது. இன்றைக்கு இரண்டுமே இல்லை. பட்டினப்பாக்கத்துக்கும் சாந்தோமுக்கும் நடுவில் ஒரு தெருப் பெயர்தான் அதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது: லீத் காஸில் தெரு.

'காஸில்' என்றால் கோட்டை. இந்தத் தெருவில் எந்தக் கோட்டை இருந்தது? யார் கட்டினார்கள், யார் இடித்தார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், ஏன் இந்த இடம்?

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நெய்தல் நிலத்து ஊர்களுக்குச் சொல்லப்படும் பெயர்கள் இரண்டு. ஒன்று பட்டினம், இன்னொன்று பாக்கம். பட்டினம் என்றால் கப்பல் வந்து போகும் கடற்கரை நகரம். பாக்கம் என்றால் கடலோரச் சிற்றூர். பட்டினப்பாக்கம் என்ற பெயரில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

வடக்கே மயிலாப்பூர், தெற்கே அடையாறு ஆற்றின் முகத்துவாரம், கிழக்கே கடல். தெற்கிலிருந்து கடற்கரையோரமாக நகரத்துக்குள் வர நினைக்கும் எந்தப் படையும் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். அதனால்தான் இந்த முனை ராணுவக் கண்ணோட்டத்தில் முக்கியமானதாக இருந்தது.

கோட்டையைக் கட்டியது யார்?

போர்ச்சுகீசியர்கள். புனித தோமாவின் கல்லறை மயிலாப்பூரில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் 1520-களில் இங்கே வந்து தேவாலயம் கட்டினார்கள். அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'சாவ் தோமே'. நாம் சொல்லும் சாந்தோம் அதிலிருந்து வந்ததுதான். 1606-ல் இது தனி மறைமாவட்டமாகவும் ஆனது. வணிகர்கள், ஓய்வுபெற்ற சிப்பாய்கள், பாதிரியார்கள் என்று ஆள் சேர்ந்த பிறகு, ஊரைச் சுற்றி மதிலும் கொத்தளங்களும் எழுந்தன.

கொத்தளம் என்றால் மதிலிலிருந்து வெளியே நீட்டிக் கட்டப்படும் முனை. அதன்மேல் பீரங்கி வைத்தால், மதிலை நெருங்கி வரும் எதிரியைப் பக்கவாட்டிலிருந்தும் சுட முடியும்.

1639-ல் ஆங்கிலேயர்கள் மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கியபோது, சாந்தோம் ஏற்கெனவே ஒரு நூற்றாண்டைத் தாண்டிய ஊர். அப்போது பெரிய அண்ணன் சாந்தோம்தான். செயின்ட் ஜார்ஜ் கோட்டை புதுசாக முளைத்த தம்பி.

அந்த நிலைமை 1662-ல் மாறியது. கோல்கொண்டா சுல்தானின் படை சாந்தோமைப் பிடித்தது. போர்ச்சுகீசியக் குடும்பங்கள் பல வடக்கே ஆங்கிலேயர் கோட்டைப் பக்கம் குடிபெயர்ந்தன. அண்ணன் வீடு காலியாகி, தம்பி வீட்டில் கூட்டம் சேர்ந்தது.

பிரெஞ்சுக் கடற்படை ஏன் சாந்தோமுக்கு வந்தது?

கதையின் முக்கியமான திருப்பம் இதுதான். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு ஒரு கடற்படைத் தளம் வேண்டும் என்று பதினான்காம் லூயி மன்னரின் அரசு ஆசைப்பட்டது. அதற்காக 1670-ல் டி லா ஹே என்பவர் தலைமையில் ஒரு கப்பல் படை கிளம்பியது.

அவர்கள் முதலில் குறி வைத்தது சாந்தோமை இல்லை, இலங்கையில் இருக்கும் திருகோணமலையை. எந்தப் புயலிலும் கப்பல்கள் பத்திரமாக நிற்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் அது. 1672-ல் அங்கே போய் இறங்கிப் பார்த்தார்கள். ஆனால் டச்சுக்காரர்கள் விடவில்லை. திருகோணமலை கைநழுவியதும் டி லா ஹேயின் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்தன. அதே ஆண்டு ஜூலையில் சாந்தோமைத் தாக்கிப் பிடித்தன.

பிடித்தது சுலபம், வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. தரைப்பக்கம் கோல்கொண்டா படை சுற்றி வளைத்தது. கடல்பக்கம் டச்சுக் கப்பல்கள் வழியை அடைத்தன. சாப்பாடும் வெடிமருந்தும் தீர்ந்துகொண்டே வந்தன. இரண்டு வருஷம் தாக்குப்பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், 1674 செப்டம்பரில் சரணடைந்தார்கள்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. சாந்தோம் முற்றுகையில் சிக்கியிருந்த அதே சமயத்தில்தான் பிரெஞ்சுக்காரர்கள் தெற்கே இன்னொரு கடலோர ஊரில் கால் ஊன்றினார்கள். 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் அங்கே பொறுப்பேற்றார். அந்த ஊர் பாண்டிச்சேரி. சாந்தோம் மட்டும் கைவிட்டுப் போகாமல் இருந்திருந்தால், பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரம் ஒருவேளை மயிலாப்பூர் பக்கத்திலேயே இருந்திருக்கலாம்.

ஜெயித்த பிறகு கோட்டையை ஏன் இடித்தார்கள்?

பலருக்கும் வரும் கேள்வி இது. அவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்த கோட்டையை யாராவது இடிப்பார்களா?

இடிப்பார்கள். காரணம் எளிமையானது. ஒரு கோட்டை சும்மா நின்றால் யாரையும் காப்பாற்றாது. உள்ளே வருஷம் முழுக்க சிப்பாய்கள் வேண்டும், பீரங்கி வேண்டும், தானியம் வேண்டும், சம்பளம் வேண்டும். அந்தச் செலவைச் செய்ய ஆள் இல்லாவிட்டால், அடுத்து வரும் எதிரி அதே மதிலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வான். அப்போது நம் கோட்டையை நாமே முற்றுகையிட வேண்டி வரும். சாந்தோமில் 1672-ல் நடந்தது அதுதான்.

பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்துவிடுவார்களோ என்ற பயம் டச்சுக்காரர்களுக்கு. பக்கத்திலேயே இன்னொரு ஐரோப்பியக் கோட்டை நிற்பது ஆங்கிலேயர்களுக்கும் ஆபத்து. அதனால் இந்த மதில் போனால் பரவாயில்லை என்பதுதான் எல்லாருடைய மனநிலையும். முற்றுகை முடிந்த கொஞ்ச காலத்திலேயே கோல்கொண்டா ஆட்சி மதிலை இடிக்க ஆரம்பித்தது. பிறகு வந்த முகலாயர் ஆட்சியில், 17-ம் நூற்றாண்டு முடிவதற்குள், மிச்சம் இருந்ததும் தரைமட்டமானது.

சோழமண்டலக் கரை முழுக்க இதே கதைதான். கடலூர் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். மூன்றே வருஷம் கழித்து, 1761-ல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்து அங்கே இருந்த பிரெஞ்சுக் கோட்டையை இடித்தார்கள். பழிக்குப் பழி என்பதும் உண்டு, பயம் என்பதும் உண்டு.

மதில் இல்லாத சாந்தோமில் 1746-ல் என்ன நடந்தது?

1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துவிட்டது. 'கோட்டையை எங்களிடம் ஒப்படையுங்கள்' என்று ஆற்காடு நவாப் அன்வருதீன் கேட்டார். பிரெஞ்சுக்காரர்கள் தரவில்லை. நவாபின் மகன் மாஃபுஸ் கான் பெரும்படையோடு வந்தார்.

கோட்டையில் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவ, பாண்டிச்சேரியிலிருந்து பாரடி என்ற அதிகாரி ஒரு சின்னப் படையோடு நடந்து வந்தார். சுமார் 1,000 பேர். அதில் பெரும்பாலானோர் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள். அடையாற்றின் வடகரையில் அவர்களுக்காகக் காத்திருந்த நவாபின் படை சுமார் 10,000 பேர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இன்று குவிபிள் தீவு என்று அழைக்கப்படும் பகுதி, அதாவது பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கல்லறைத் தோட்டம் இருக்கும் இடம், இந்த அடையாறு சண்டையோடு சேர்த்துப் பேசப்படும் இடம்.

பாரடியின் ஆட்கள் ஆற்றில் இறங்கி நடந்தே கரையேறினார்கள். வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள், பிறகு துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். நவாபின் படை பின்வாங்கி சாந்தோமுக்குள் போனது. தெருக்களில் மறுபடி சண்டை. அங்கேயும் நிற்க முடியவில்லை. பழைய மதில் இருந்திருந்தால் ஒதுங்க ஓர் இடம் இருந்திருக்கும். அது எப்போதோ போய்விட்டது.

பயிற்சி பெற்ற சின்னப் படை பெரிய படையை விரட்டலாம் என்பதை ஐரோப்பியர்கள் இங்கேதான் கண்கூடாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பிரெஞ்சும் ஆங்கிலக் கம்பெனியும் போட்டி போட்டுக்கொண்டு இந்தியச் சிப்பாய்களைச் சேர்த்தன. தென்னிந்திய அரசியலே மாறியது.

ஆங்கிலேயர் கட்டிய 'ரிடவுட்' என்ன?

1749-ல் சமாதான ஒப்பந்தப்படி மதராஸ் ஆங்கிலேயர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு அட்மிரல் பாஸ்கவன் சாந்தோமையும் எடுத்துக்கொண்டார். பிரெஞ்சுக்காரர் மறுபடி இங்கே கால் வைத்துவிடக்கூடாது என்பதுதான் கணக்கு.

மதில் இல்லாத ஊரை எப்படிக் காப்பது? முழுக் கோட்டை கட்டக் காசும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் 1750-களில் சாந்தோமின் தெற்குப் பக்கம் ஒரு சின்ன அரண் எழுந்தது. ஆவணங்களில் அதன் பெயர் சாந்தோம் ரிடவுட்.

கோட்டைக்கும் ரிடவுட்டுக்கும் என்ன வித்தியாசம்? கோட்டைக்குள் ஊர் இருக்கும், கிடங்கு இருக்கும், ஆளுநர் இருப்பார். ரிடவுட் என்பது நான்கு பக்கமும் மூடிய, தனித்து நிற்கும் ஒரு காவல் அரண், அவ்வளவுதான். உள்ளே சில பீரங்கிகள், கொஞ்சம் சிப்பாய்கள். எதிரியைத் தோற்கடிப்பது அதன் வேலை இல்லை. எதிரி வருவதை முதலில் பார்க்க வேண்டும், சேதி சொல்ல வேண்டும், பெரிய கோட்டை தயாராகும்வரை கொஞ்ச நேரம் தாமதப்படுத்த வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால், ஊர் எல்லையில் இருக்கும் செக்போஸ்ட் மாதிரி.

அதனால் அதன் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1758 டிசம்பரில் லாலி படையோடு வந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்த பிறகுதான் முற்றுகை விலகியது. 1767-ல் பதின்வயது திப்பு சுல்தானின் குதிரைப்படை மதராஸின் புறநகர்களில் புகுந்து கலக்கியது. 1769-ல் ஹைதர் அலியே மதராஸ் வாசல் வரை வந்து, கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார். ஒரு சின்ன அரண் இவர்களை நிறுத்தியிருக்க முடியாது.

துறைமுகமே இல்லாத ஊருக்கு ஏன் இத்தனை காவல்?

நியாயமான சந்தேகம். அப்போது மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் கரைக்கு வருவது மசூலா படகில். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது வளைந்து கொடுக்கும், உடையாது. ஓட்டியவர்கள் இந்தக் கரையின் கடலோடிகள்.

அதனால் கப்பல் கட்டும் தளமும் பழுதுபார்க்கும் இடமும் இங்கே வரவில்லை. ஆங்கிலேயர்களுக்கு அந்த வேலைக்குப் பம்பாய் இருந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கரையில் கப்பல் நிறுத்துவதே ஆபத்து. 1746 அக்டோபரில் அடித்த புயலில் பிரெஞ்சுக் கப்பல்களே இங்கே நாசமாயின. பிற்காலத்தில் கட்டிய மதராஸ் துறைமுகத்தையும் 1881 நவம்பர் புயல் உடைத்துப் போட்டது.

கப்பல் தளம் இருக்கும் ஊர்களில் காவல் அரண்கள் தண்ணீருக்குப் பக்கத்தில், பீரங்கியைக் கடலை நோக்கி வைத்து நிற்கும். திருகோணமலையில் டச்சுக்காரர்கள் கட்டிய ஆஸ்டன்பர்க் கோட்டை உள்துறைமுகத்தின் வாயிலைக் காத்தது. பிரிட்டனின் பெம்ப்ரோக் கடற்படைத் தளத்தைக் காக்க 19-ம் நூற்றாண்டில் இரண்டு பீரங்கிக் கோபுரங்கள் கட்டினார்கள். இலங்கை அம்பாந்தோட்டையில் வட்ட வடிவ மார்ட்டெல்லோ கோபுரம் இன்றும் நிற்கிறது.

சென்னையில் நிலைமை தலைகீழ். இங்கே கடலில் வரும் கப்பலை அலையே தடுத்தது. ஆபத்து பெரும்பாலும் தரைவழியாக, தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தது.

அரண் எப்படி வீடானது?

1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு மதராஸைத் தாக்க அக்கம்பக்கத்தில் யாரும் மிஞ்சவில்லை. எதிரி இல்லாத இடத்தில் காவல் அரணுக்கு என்ன வேலை? அரண் இருந்த இடம் தோட்ட வீடாக மாறியது. கம்பெனி காலத்து ராணுவ அதிகாரி லீத் என்பவரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அப்படித்தான் 'லீத் காஸில்' வந்தது. பிறகு தோட்டம் சுருங்கி, சுற்றிலும் மனைகளும் தெருக்களும் வந்தன. பெயர் மட்டும் தெருவுக்கு இறங்கியது.

இந்தப் பகுதியில் கட்டுமானம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவது புதிதில்லை. சாந்தோம் தேவாலய வளாகத்தில் பழைய கோயில் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இன்று நாம் பார்க்கும் தேவாலயக் கட்டடமே 1896-ல் புதிதாகக் கட்டி முடித்ததுதான். இடிந்த மதிலின் கல்லும் செங்கல்லும் குப்பைக்குப் போவதில்லை, அடுத்த வீட்டின் அஸ்திவாரத்துக்குப் போகும்.

மற்ற கோட்டைகள் என்ன நிலையில் இருக்கின்றன?

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கம்பீரமாக நிற்கிறது. கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை இடிபாடாக இருந்தாலும் இந்தியத் தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கு. பழவேற்காட்டில் 1613-ல் எழுந்த டச்சுக் கோட்டை அழிந்துவிட்டது, ஆனால் டச்சுக் கல்லறைகள் பாதுகாக்கப்படுகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு வசதி உண்டு. பக்கத்தில் பெருநகரம் வளரவில்லை. சாந்தோமைச் சுற்றி வளர்ந்தது சென்னை.

வீடு கட்டத் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால்?

சாந்தோம், மயிலாப்பூர், பட்டினப்பாக்கம் பகுதிகளில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுவது தொடர்ந்து நடக்கிறது. அஸ்திவாரம் தோண்டும்போது பழைய செங்கல் சுவர், பீரங்கிக் குண்டு, நாணயம், கல்வெட்டுத் துண்டு எது வேண்டுமானாலும் தட்டுப்படலாம். சட்டம் என்ன சொல்கிறது?

• 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருள் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம்.

• 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிலை, நாணயம், கல்வெட்டு போன்றவை தொல்பொருள்கள். உரிமம் இல்லாமல் இவற்றை விற்கும் தொழில் செய்ய முடியாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

• மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச் சின்னம் என்றால், சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். மாநில அரசு பாதுகாக்கும் இடங்களுக்கு 1966-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் தனியாக இருக்கு.

இதில் ஒரு சிக்கல். கடைசியாகச் சொன்ன பாதுகாப்பு, அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டும்தான். தரைக்கு மேலே எதுவும் தெரியாத ஒரு மதிலின் அஸ்திவாரத்துக்கு அந்த வேலி கிடையாது. தோண்டும் இடத்தில் நிற்கும் மேஸ்திரியோ, வீட்டு உரிமையாளரோ 'இது என்ன, பழசா இருக்கே' என்று வேலையை நிறுத்தி, ஒரு போட்டோ எடுத்து அதிகாரிகளுக்குச் சொன்னால்தான் உண்டு.

டைம்லைன்: ஒரே பார்வையில்

• 1520-கள்: போர்ச்சுகீசியர் சாந்தோமில் தேவாலயம் கட்டினர்
• 1639: மதராசப்பட்டினத்தில் ஆங்கிலேயர் இடம் பெற்றனர்
• 1662: சாந்தோம் கோல்கொண்டா வசமானது
• 1672: பிரெஞ்சுக் கப்பல் படை சாந்தோமைப் பிடித்தது
• 1674: பிரெஞ்சுக்காரர் சரண், பின்னர் மதில் இடிப்பு
• 1746: அடையாறு சண்டை
• 1749: சாந்தோம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது
• 1750-கள்: சாந்தோம் ரிடவுட் எழுந்தது
• பின்னர்: அரண் இருந்த இடம் 'லீத் காஸில்' ஆனது

போர்ச்சுகீசியர், கோல்கொண்டா, பிரெஞ்சு, டச்சு, முகலாயர், ஆங்கிலேயர் என்று ஆறு கைகள் மாறிய மண் இது. பட்டினப்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கி சாந்தோம் பக்கம் நடப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு மதில்கூட மிஞ்சவில்லை. தெருப் பலகையில் இருக்கும் 'காஸில்' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவு கதை. பெயர் மாற்றப் பட்டியல் வரும்போது அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டால், இங்கே ஓர் அரண் இருந்தது என்று கேட்க வைக்கும் அடையாளமும் போய்விடும்.